கருப்பையா சாய்கோடு முனியசாமி

வெப்சைட் செய்கிற தொழிலில் எல்லா வம்பும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: எந்த ஃபைலை எந்த ஃபோல்டருக்குள் வைப்பது?

இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சக ஜீவன்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ன பக்கம் இன்ன விலாசத்தில் திறக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் யாரும் தனியாக எழுதி வைப்பதில்லை. ‘பக்கங்கள்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ‘மீன்’ என்று ஒரு ஃபைலைப் போட்டால் போதும். வெப்சைட் பெயர், ஒரு சாய்கோடு, மீன் என்று விலாசம் தானாக உண்டாகிவிடும். ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் வைத்தால் இன்னொரு சாய்கோடு. ஃபைலை நகர்த்தினால் விலாசமும் கூடவே நகரும். இதைக் கண்டுபிடித்தவர்கள் பாதி வேலை மிச்சம் என்றார்கள். பாவம், அவர்கள் ராமநாதபுரத்தில் கடை போட்டுப் பார்த்ததில்லை.

எங்கள் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. முதலாளி செல்வம் அண்ணன். யாரிடமும் முடியாது என்று சொல்லி அறியாதவர். அஸ்மா கீழக்கரைப் பெண். எங்களில் வேலை தெரிந்த ஆள் அவள்தான். மூன்றாவது நான். வருகிறவர்களிடம் பேசுவதும் திட்டு வாங்குவதும் என் இலாகா.

உள்ளாறயே இருக்கட்டும்

முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கருப்பையாவும் அவர் தம்பி முனியசாமியும் வந்தார்கள். அவர்கள் ஊரில் சில குடும்பங்கள் சேர்ந்து குண்டு மிளகாய் வத்தலைக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோகாமல் நேராக துபாய்க்கு அனுப்பப் பார்த்தன. வாங்குகிறவர் அஸ்மாவின் சாச்சா, அதாவது அவள் வாப்பாவின் தம்பி. அங்கே மொத்த மளிகை வியாபாரம். மனிதர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒவ்வொரு மூட்டையிலும் விளைவித்தவர் பெயரும் ஒரு ஸ்கேன் கட்டமும் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்கேன் செய்தால் அந்த ஆளின் பக்கம், வத்தல் விளைந்த காடு, போன் நம்பர் எல்லாம் வர வேண்டும். மூட்டையில் ஒரு பெயர், பக்கத்தில் வேறு பெயர் என்றால் கலப்படச் சரக்கு என்று முழு லோடையும் திருப்பிவிடுவார். முதல் லோடு சரியாக இருந்தால் ஊர் வத்தல் முழுவதையும் அவரே எடுத்துக்கொள்வார். முன்னால் யாரிடமோ நன்றாகப் பட்டிருக்கிறார் போலிருக்கிறது.

இதில் முனியசாமிக்குத்தான் அதிகப் பதற்றம். போன வருஷம் பாகம் பிரிந்து, இப்போதுதான் முதல் தடவையாகத் தனியாக விதைத்திருக்கிறார். அந்தத் தைரியத்தில், வழக்கமாக வத்தல் எடுக்கிற கமிஷன் கடைக்காரரிடம், “இனி எங்க காட்டுப் பக்கமே வராதீங்க” என்று சொல்லியும் அனுப்பிவிட்டார். லோடு திரும்பி வந்தால் அதே ஆள் முகத்தில்தான் போய் விழிக்க வேண்டும். பிறகு அவர் வைத்ததுதான் விலை.

பட்டா இன்னும் அண்ணன் பெயரில்தான் இருந்தது. அதனால் தம்பிக்குத் தனி ஃபோல்டரா, அண்ணன் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு ஃபைலா என்று கேட்டேன். முனியசாமி வாயைத் திறப்பதற்குள் கருப்பையா சொல்லிவிட்டார்: “பாகந்தான் பிரிஞ்சிருக்கு, நாங்களா பிரிஞ்சிருக்கோம்? அவனையும் எனக்கு உள்ளாறயே போட்டு வைங்க தம்பி.”

நேராக வந்தால் இல்லை

ராமேஸ்வரத்தில் யாத்ரீகர்களுக்கு ரூம் விடுகிற தங்கச்சாமிக்கு வெப்சைட் செய்துகொடுத்தோம். நாங்கள் செய்கிற மாதிரி வெப்சைட்டில் உண்மையாகப் பார்த்தால் பக்கம் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் ஒவ்வொன்றாக அழுத்த அழுத்த உள்ளே இருப்பதை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டுவோம். விலாசம் மாறுவது ஒரு பாவனை. முதல் பக்கத்தில் நுழைந்து ஏசி ரூம் என்பதை அழுத்தினால் ஜோராகத் திறக்கும். ஆனால் அந்த ஏசி ரூம் லிங்கை வாட்ஸப்பில் அனுப்பி ஒருவர் நேராகத் திறந்தால், சர்வர் அந்தப் பெயரில் ஒரு ஃபைலைத் தேடும். அங்கே ஒன்றும் கிடையாது. ‘பக்கம் இல்லை’ என்று கையை விரித்துவிடும்.

யார் எந்த விலாசத்துக்கு வந்தாலும் முதலில் வாசலுக்குக் கூட்டி வா என்று சர்வருக்கு ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்கும் முன்பே தங்கச்சாமி லிங்கை ஒரு குஜராத் கோஷ்டிக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் இப்படி ஒரு லாட்ஜே கிடையாது, ஏதோ ஏமாற்று என்று முடிவுகட்டி அடுத்த லாட்ஜில் பெட்டியை இறக்கிவிட்டார்கள். அவர் மாடியேறி வந்து என் முன்னால் உட்கார்ந்தார். “வாசல் வழியா வந்தா ரூம் இருக்கு, நேரா ரூமுக்கு வந்தா ரூமே இல்லங்கிறீங்க. நான் நடத்துறது லாட்ஜா, மாயாஜாலமா?”

மாப்பிள்ளை எங்கே இருப்பார்

கீழக்கரையில் ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வெப்சைட். அஸ்மா லீவு. செல்வம் அண்ணனே உட்கார்ந்து ஃபோல்டர் போட்டார். மாப்பிள்ளை பெயரில் பெரிய ஃபோல்டர், அதற்குள் பொண்ணு ஃபைல், விருந்து ஃபைல், வழி சொல்லும் ஃபைல். விலாசத்தைப் படித்தால் மாப்பிள்ளை பெயர், சாய்கோடு, பொண்ணு பெயர். நம் வீடுகளில் இதில் யாருக்கும் ஒன்றும் தோன்றாது.

ஆனால் கீழக்கரையில் கல்யாணம் முடிந்தால் பொண்ணு வீட்டுக்கு மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். வீடே பொண்ணுக்குத்தான். பொண்ணின் உம்மா போனிலேயே பிடித்துக்கொண்டார். செல்வம் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு, “இது சும்மா கம்ப்யூட்டருக்காக வச்ச ஏற்பாடும்மா” என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்தம்மா கோபமே படவில்லை. “இருக்கட்டும் தம்பி. அந்தக் கம்ப்யூட்டருக்கும் எங்க ஊரு வழக்கத்தச் சொல்லிக் குடுங்க. மருமவன் எங்க வீட்டுக்குள்ளதான் வாராரு.”

புத்தம் புதிய அந்தோணி

பாம்பன் ஸ்டெல்லா அக்கா மீனை வாங்கி ராமநாதபுரம் வீடுகளுக்கு அனுப்புகிறார். தினம் ஒரு மீன் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல் போட்டால் நாங்கள் குடும்பம் நடத்த முடியாது. இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. ஃபைல் பெயரைச் சதுர அடைப்புக்குள் வைத்துவிட்டால், விலாசத்தில் எந்தப் பெயர் வந்தாலும் அதே ஃபைல் எடுத்துக்கொள்ளும். சீலா என்று வந்தால் சீலா, விளைமீன் என்று வந்தால் விளைமீன். ‘இன்று கரைக்கு வந்த புத்தம் புதிய சீலா, முள் குறைவு, குழம்புக்கு ஏற்றது’ என்று பெயரை மட்டும் மாற்றிக் காட்டும். அப்படி ஒரு மீன் உலகத்தில் உண்டா என்று கேட்காது.

எவனோ ஒரு குசும்பன் விலாசத்தில், கடலுக்குப் போகிற ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்காரர் பெயரை அடித்துப் பார்த்திருக்கிறான். ‘இன்று கரைக்கு வந்த புத்தம் புதிய அந்தோணி, முள் குறைவு, குழம்புக்கு ஏற்றது’ என்று படத்தோடு பாம்பன் முழுக்கப் பரவிவிட்டது. எனக்குத் தலையில் கைவைத்துக்கொள்ளத் தோன்றியது. அஸ்மா சிரித்து முடித்துவிட்டு ஒரு ஏற்பாடு செய்தாள். இல்லாத பெயரைக் கேட்டு யாராவது வந்தால், இல்லை என்று விரட்டாமல் ஒரு படி மேலே கூட்டிப்போய் விட வேண்டும். இல்லாத மீனைக் கேட்டால் மொத்த மீன் பட்டியல். அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாதவள், கையோடு எங்களிடம் உள்ள எல்லா வெப்சைட்டிலும் இதைப் போட்டுவிட்டாள். மிளகாய் வத்தல் வெப்சைட் உட்பட.

மன்னிப்புக் கேட்க ஸ்டெல்லா அக்காவுக்கு நான்தான் போன் செய்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “கரைக்கு வந்தது நெசந்தான்யா, ரெண்டு நாளா வீட்லதான் படுத்துக் கெடக்கு. புத்தம் புதுசுன்னு எழுதுனவன மட்டும் ஒரு தடவ இங்கன அனுப்பி வைய்யி.”

குறுக்கே போகக் கூடாது

ராமேஸ்வரம் கோயிலில் யாத்ரீகர்களைத் தீர்த்தம் தீர்த்தமாகக் கூட்டிப்போய் வாளியில் இறைத்து ஊற்றுகிறவர் சேது அண்ணன். ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் ஒரு பக்கம் கேட்டார். ஒரு ஃபோல்டர், அதற்குள் வரிசையாக ஃபைல்கள். இதுவரை சுகம். அதற்குப் பிறகு, முதலில் கடலில் முழுகாமல் யாரும் உள்ளே வரக் கூடாது, ஒன்றைப் பார்க்காமல் அடுத்தது திறக்கவே கூடாது என்றார். லிங்க் இருந்தால் யாரும் நேராகத்தான் போவார்கள், அதுதான் லிங்க்கின் வேலை என்று எடுத்துச் சொன்னோம். அவர் அசையவில்லை. கடைசியில் ஃபோல்டர் வாசலிலேயே ஒரு காவல் வைத்தோம். முந்தின பக்கத்தைப் பார்க்காமல் வருகிறவரை அது வரிசையில் முதலில் இருக்கிற கடற்கரைப் பக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்.

ஒரு நாள் காலையில் நானும் அஸ்மாவும் ராமேஸ்வரத்துக்கே போய் இதைச் சரிபார்த்தோம். வடக்கே இருந்து வந்த ஒரு குடும்பம், எதைத் தொட்டாலும் போன் கடலிலேயே கொண்டுபோய் விடுகிறது என்று எங்கள் முன்னாலேயே அவரிடம் புகார் சொன்னது. சேது அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. வெப்சைட் செய்த இத்தனை வருஷத்தில், புகாரைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட வாடிக்கையாளர் இவர் ஒருவர்தான். “கோயிலுக்குள்ள குறுக்கால போனா வாளிக்காரன் விடுவானா? போன்ல மட்டும் எதுக்கு விடணும்?”

ஒரு நொடி வேலை

நாங்கள் ராமேஸ்வரத்தில் இருந்த அதே நாள் முனியசாமி மட்டும் தனியாக ஆபீசுக்கு வந்திருக்கிறார். வத்தல் லாரி எப்போதோ தூத்துக்குடிக்குப் போய், சரக்கு கப்பலும் ஏறியாகிவிட்டது. பிரச்சினை வேறு. பொது வரப்பில் நின்ற கருவேலத்தை அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிக் கரிமூட்டம் போட்டுவிட்டார். அதில் பேச்சு வளர்ந்து, கைகலப்பு வரை போய், ஊர் வந்து விலக்கிவிட்டிருக்கிறது. அதோடு பேச்சுவார்த்தை இல்லை. எதிரே வந்தால் ஒருவர் தெரு மாறிப் போகிற அளவுக்கு முற்றிவிட்டது.

இந்தச் சூட்டில் முனியசாமி டீக்கடையில் யாரிடமோ தன் பக்கத்தைப் போனில் காட்டியிருக்கிறார். அந்த ஆள் படத்தைப் பார்க்காமல் மேலே இருந்த விலாசத்தைச் சத்தமாகப் படித்திருக்கிறான்: கருப்பையா சாய்கோடு முனியசாமி. “ஏலே முனியா, பாகம் பிரிச்சும் அண்ணனுக்குள்ளதான் கெடக்கியா இன்னும்?” என்று கடையே சிரித்திருக்கிறது. மனிதர் அங்கிருந்தே பஸ் ஏறி வந்து செல்வம் அண்ணன் முன்னால் நின்றுவிட்டார். “அவன் பேருக்குப் பொறத்தால எம்பேரு நிக்கக் கூடாது. எடுத்து வெளிய வைங்க” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

முடியாது என்று சொல்லத் தெரியாதவர் எடுத்து வெளியே வைத்துவிட்டார். மறுநாள் பார்த்தபோது முனியசாமி பக்கம் தனி விலாசத்தில் ஜம்மென்று திறந்தது. வெப்சைட்டுக்குள் இருந்த பட்டியலும் தானாகச் சரியாகியிருந்தது. நீங்கள் கெட்டிக்காரர்கள், உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். கப்பலில் போய்க்கொண்டிருந்த முனியசாமியின் மூட்டைகள் அத்தனையிலும் ஒட்டியிருந்தது பழைய விலாசம். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. செல்வம் அண்ணனுக்கோ பெருமை தாங்கவில்லை. “பிடிச்சு இழுத்து வெளிய விட்டேன், ஒரு நொடி வேலை. இதுக்குப் போயி நீங்க ஒரு நாள் கேக்குறீங்களேப்பா!”

துபாய்க் கிடங்கு

அஸ்மாவின் சாச்சா வீடியோவில் வந்தபோது நாங்கள் மூவரும் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தோம். அவருக்குப் பின்னால் கிடங்கும் அடுக்கிய மூட்டைகளும் தெரிந்தன. “என்னம்மா இது? மூட்டையில முனியசாமின்னு இருக்கு. ஸ்கேன் பண்ணுனா கருப்பையா வர்றாரு” என்றார். பழைய விலாசத்தில் ஃபைல் இல்லை. இல்லாத பெயரைக் கேட்டு வந்தவரை, அஸ்மாவின் ஏற்பாடு ஒழுங்காக ஒரு படி மேலே கூட்டிப்போய் அண்ணன் பக்கத்தில் விட்டிருக்கிறது. மூட்டையில் ஒரு பெயர், பக்கத்தில் வேறு பெயர். எது நடந்தால் லோடு திரும்பும் என்று சொன்னாரோ, அதுவே நடந்துவிட்டது. கமிஷன் கடைக்காரர் முகம் எனக்கே கண்ணில் தெரிந்தது. நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

அஸ்மா, “அல்லாஹ்வே, அது ஃபோல்டர் மாறிப்போச்சு சாச்சா” என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “ஃபோல்டர் கதையெல்லாம் எனக்கெதுக்கு? எறக்கச் சொல்லிட்டேன், நீ சாப்பிடு.” எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. எப்படி என்று அஸ்மாதான் கேட்டாள்.

அவர் எங்களைக் கூப்பிடும் முன்பே, பக்கத்தில் இருந்த நம்பருக்கு, அதாவது கருப்பையாவுக்கு, போன் போட்டிருக்கிறார். இது யார் சரக்கு என்று நேராகக் கேட்டிருக்கிறார். தம்பி தனி விலாசம் கேட்டதோ, ஃபைல் நகர்ந்ததோ கருப்பையாவுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், வரப்பில் தன் சட்டையைப் பிடித்த தம்பியின் மூட்டை அங்கே சந்தேகத்தில் நிற்கிறது என்பதுதான். எனக்குத் தெரியாது, அவனையே கேளுங்கள் என்று சொல்லி வைத்திருந்தால் ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். “மூட்டையில என்ன பேருன்னு ரெண்டு தடவ கேட்டாரும்மா.” என்றார் சாச்சா. “அப்புறம் சொல்றாரு, ‘அது எங்க காட்டு வத்தல்தான் பாய். அவன் எனக்கு உள்ளாற உள்ளவன். தைரியமா எறக்குங்க’ன்னு.”

பழைய இடம்

முனியசாமிக்கு நான்தான் போன் செய்தேன். லோடு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்பதை முதலில் சொன்னேன். “அப்பாடா” என்று பெரிதாக ஒரு மூச்சு விட்டார். பிறகு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். “அண்ணனா அப்பிடிச் சொன்னாரு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடியும், “அண்ணனேவா சொன்னாரு?” என்றார். ஆபீசில் வந்து நின்றபோது ‘அவன்’ என்றுதான் பேசியதாகச் செல்வம் அண்ணன் சொல்லியிருந்தார்.

தொழில்காரன் புத்தி, அடுத்து வேலைப் பேச்சுக்கு வந்தேன். உங்கள் பக்கம் இப்போது இருக்கிற தனி இடத்திலேயே இருக்கட்டும், பழைய விலாசத்துக்கு வருகிறவர்களை அங்கே திருப்பிவிட ஒரு வரி போட்டால் போதும், மூட்டையும் பிழைத்தது, உங்கள் மரியாதையும் பிழைத்தது என்றேன். எங்கள் தொழிலில் இதைவிட நல்ல தீர்வு கிடையாது. அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். “அதெல்லாம் வேணாம். பழைய எடத்துலயே போட்டுருங்க தம்பி. நான் கேட்டுத்தான் போட்டீங்கன்னு மட்டும் அண்ணன்ட்ட சொல்லிராதீங்க.”

அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் யார் வந்து ஃபைலை இடம் மாற்றச் சொன்னாலும், எங்கே வைக்க என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் யாரோடு சண்டை என்று கேட்டுவிட்டுத்தான் மவுஸைத் தொடுகிறோம்.